நிழல் மரமும் கட்டுமரமும்

நம் தேயிலைத் தோட்டங்களில் இன்று நிழலுக்கு எங்கு பார்த்தாலும் சில்வர் ஓக்தான். முன்பு அல்பீசியாவும் முள்முருங்கையும்கூட நிற்கும். மளமளவென்று வளர்ந்தாலும் அந்தக் கட்டைக்கு இங்கே மரியாதை கிடையாது. கதவு நிலைக்கு ஆகாது. அடுப்பிலும் நின்று எரியாது. மிஞ்சினால் பெட்டிப் பலகைக்குப் போகும்.

ஓய்வுக்குப் பின் சென்னையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, கடற்கரையில் ஒரு மீனவப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "தேக்கு வீட்டுக்குங்க. கட்டுமரத்துக்கு லேசான கட்டைதான் வேணும்" என்றார். அல்பீசியா, முள்முருங்கை எல்லாம் அவர்களுக்கு வேண்டிய மரங்கள்! ஆணி கிடையாது, கயிற்றுக் கட்டுதான். அலை அடித்தால் கட்டைகள் சற்று நெகிழ்ந்து கொடுக்கும்; ஏறிய தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். லேசான மரம் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும் என்பதால், கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மணலில் உலர்த்துவார்களாம்.

அவர் பேரன் ஓட்டுவது ஃபைபர் படகு. அவிழ்ப்பது, உலர்த்துவது எதுவும் இல்லை. மரத்தின் பெயரும் அவனுக்குத் தெரியாது. தாத்தாவின் பழைய கட்டைகள் இரண்டு வாசலில் கிடக்கின்றன. அவற்றின்மேல் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருந்தோம்.