இரண்டாம் நிரல்

புரட்டாசி 12, சனி

இன்று காலையில் கடைமடை விவசாயிகள் இருவர் வந்து, தங்கள் கிளைச் சானலில் மதகைத் தாண்டி எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டுமெனக் கேட்டுக்கொண்டார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷமான ஒரு நீர்ப்பாசனப் பொறியாளனை இன்னும் இரண்டு பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்ற மமதையோடு அலமாரியைத் திறந்து, பழைய கால்குலேட்டரை எடுத்து, வேட்டித் தலைப்பால் துடைத்து, விசையை அழுத்தினேன். எண்கள் தெரிந்தன, ஆனால், மழைமேகம் இறங்கிய நாளில் வேளிமலை தெரிவதைப்போல், இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்தன. பேட்டரிக்கு அந்திமகாலம். வந்தவர்களை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினேன்.

புரட்டாசி 13, ஞாயிறு

இதற்குப் பதில் வேறொன்று வாங்கிவிடுவது என்று நேற்றிரவே தீர்மானித்துவிட்டேன். ஆனால், எதை வாங்குவது என்று யோசிக்கத் தொடங்கிய மாத்திரத்தில், இத்தனை காலம் கையில் இருந்தது என்ன என்பதையே நான் சரியாக யோசித்ததில்லை என்று தோன்றியது.

இதற்கு வயது நாற்பது. 1984-இல், எனக்குக் கல்யாணமான வருஷம், மஸ்கட்டில் வேலை பார்த்த என் மைத்துனர் விடுமுறையில் வந்தபோது, மற்ற அத்தான்மார்களுக்குக் கைக்கடிகாரமும் டேப்ரிக்கார்டருமாகக் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டியைக் கொடுத்தார். காசியோ எஃப்எக்ஸ்-3600பி. அன்றைக்கு எனக்கு அது சற்று மனக்குறையாகவே இருந்தது என்பதை இந்தக் குறிப்பேட்டில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு மாதத்துக்குள் கைக்கடிகாரம் வாங்கியவர்களைப் பார்த்து இரக்கப்பட ஆரம்பித்தேன்.

அதன் விசேஷம் இதுதான். நாம் ஒருமுறை அழுத்திக் காட்டிய விசைகளின் வரிசையை, பி-1, பி-2 என்ற இரண்டு அறைகளில் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் சேர்த்து 38 படிகள்தாம். சானலில் ஓடும் நீரின் வேகத்தைக் கணிக்க, அயர்லாந்துக்காரரான ராபர்ட் மானிங் 1889-இல் முன்வைத்த சூத்திரத்தைத்தான் நாங்கள் பிரயோகிப்போம். அதில் வேகம் கண்டுபிடிப்பது சுலபம், இவ்வளவு தண்ணீர் போக எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் வதை. ஓர் ஆழத்தை ஊகித்துப் போட்டு, விடை கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டி, ஒரே கணக்கைப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை என்று திரும்பத் திரும்பப் போடவேண்டும். பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தபோதும் சரி, மாத்தூரில் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தொட்டிப்பாலம் 1966-இல் எழுந்தபோதும் சரி, சட்டைப்பையில் போகிற இப்படி ஒரு கருவி உலகத்திலேயே கிடையாது என்பதை நினைக்கும்போது, அந்தப் பெரியவர்களின் பொறுமைக்கு ஒரு நமஸ்காரம் செய்யத் தோன்றுகிறது. எனக்கோ பி-1 என்று அழுத்தினால் போதும்.

ஒரு விசையில் கோளாறு உண்டு. அது யந்திரத்தின் குற்றமன்று. ஓர் ஐப்பசி மழையில் நானே அதைச் சானல் கரையில் நழுவவிட்டேன். அன்று முதல் 5 என்ற எண் சிலபோது விழாது, சிலபோது இரண்டாக விழும். மனிதர்களோடு பழகுவதுபோல அதோடும் பழகிக்கொண்டேன்.

இப்போது சங்கடம் வேறு. பேட்டரியைக் கழற்றினால் இரண்டு நிரல்களும் அழிந்துபோகும். பி-1 மானிங் சூத்திரம். தூக்கத்திலும் மறுபடி எழுதிவிடுவேன். பி-2 என்ன? ஞாபகம் இல்லை. பேட்டரி மாற்றும்போதெல்லாம் களக்குறிப்பேட்டைப் பார்த்து அதை ஏற்றுவது வழக்கம். கடைசியாக ஏற்றியது ஓய்வு பெற்ற வருஷத்தில். அந்தக் குறிப்பேடு போன மழைக்காலத்தில் கரையானுக்கு ஆகாரமாயிற்று. எழுதிய நிரலைத் திருப்பிப் படித்துக் காட்டும் வசதியும் இந்த யந்திரத்தில் கிடையாது. சொன்னதைச் செய்யும், சொன்னது என்ன என்று சொல்லாது.

புரட்டாசி 15, செவ்வாய்

நாகர்கோவிலுக்குப் புறப்பட்டவன் பாதியில் திரும்பினேன். பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து இன்றைக்குத்தான் சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறாள் என்பதை மறந்துபோயிருந்தேன். யானைமேல் அம்மன், பல்லக்குகளில் வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், இருபுறமும் இரண்டு மாநிலத்துப் போலீசும். 1795-இல் தலைநகரை மாற்றிக்கொண்டு போன திருவிதாங்கூர் ராஜாக்கள் கஜானாவைக் கொண்டுபோனார்கள், கச்சேரியைக் கொண்டுபோனார்கள். அம்மனுக்கு மட்டும் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளாமல் நவராத்திரிக்கு இங்கிருந்தே அழைத்துப் போகிறார்கள். வேடிக்கையான சிக்கனம். குழித்துறை வரையில் கூடப் போகலாமென்று ஆசை, முழங்கால் சம்மதிக்கவில்லை.

புரட்டாசி 17, வியாழன்

நாகர்கோவிலில் மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். எங்கும் எஃப்எக்ஸ்-991 வரிசைதான், அடுக்கடுக்காக. நிரல் எழுதக்கூடியது வேண்டும் என்றதும், கடைசிக் கடையில் இருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அது இப்பம் ஆரும் கேக்க மாட்டாவ, சாரே. பரீட்சை ஹாலுக்குள்ள கேத்த மாட்டாவல்லா?” என்றான்.

அவன் சொன்னது முழு உண்மை. அண்ணா பல்கலைக்கழகம் முதலாக நம் பரீட்சைக் கூடங்களில் நிரல் ஏற்ற முடியாத கருவிகளுக்கே அனுமதி. கேட் தேர்விலோ கையிலேயே எதுவும் கூடாது, திரையில் வருகிற கால்குலேட்டரைத்தான் தட்டவேண்டும். மாணவன் சூத்திரங்களை ஒளித்துக் கொண்டுவந்துவிடுவான் என்ற நியாயமான பயத்தில் பிறந்த விதி இது. ஆனால், பரீட்சைக்கு ஆகாத பொருளை எந்த வியாபாரி வாங்கி வைப்பான்? ஆகவே பரீட்சை எழுதி முடித்து நாற்பது வருஷமானவனுக்கும் அது கிடைக்காமல் போகிறது. ஹாங்காங்கில் இதற்கு நேர்மாறு: அங்கே பள்ளியிறுதித் தேர்வுக்கே சில நிரல் கருவிகளை அனுமதித்திருக்கிறார்கள், அதனால் என் கிழட்டு யந்திரத்தின் வம்சத்தில் வந்த எஃப்எக்ஸ்-3650பி-II அந்த ஊர்ச் சந்தையில் சாமானியமாகப் புழங்குகிறது. ஒரு யந்திரம் வாழ்வதும் சாவதும் அதன் சாமர்த்தியத்தைவிடப் பரீட்சைக் கண்காணிப்பாளர்களின் அபிப்பிராயத்தைப் பொறுத்திருக்கிறது.

991-ஐக் குறைத்துச் சொல்லவும் கூடாது. அதில் சமன்பாட்டை அப்படியே எழுதிக் கொடுத்தால், தெரியாத ராசியைத் தானே தேடிக் கண்டுபிடித்துத் தருகிறது. நான் பி-1-ஐ வைத்துக்கொண்டு பத்துத் தடவை ஊகித்ததை அது ஒரே மூச்சில் செய்கிறது. ஆனால் அணைத்துவிட்டு மறுபடி திறந்தால், சமன்பாட்டை முதலிலிருந்து எழுதவேண்டும். தினமும் அறிமுகம் செய்துகொள்ளவேண்டிய சிநேகிதர்!

புரட்டாசி 20, ஞாயிறு

பி-2 இன்று பேசிற்று.

வெளிச்சம் நன்றாக விழும்படி திண்ணையில் உட்கார்ந்து, திரையைச் சாய்த்துப் பிடித்து, பி-2-ஐ அழுத்தினேன். ஓர் எண்ணைக் கேட்டது. கொடுத்ததும் இன்னொன்றைக் கேட்டது. பிறகு விடையைத் தந்தது. சரி, இரண்டு ராசிகள். இரண்டுக்கும் 1 என்று கொடுத்தேன். விடை 1.62. முதல் எண்ணை 2 ஆக்கினேன், 3.24. அது இரட்டித்தால் விடையும் இரட்டிக்கிறது. முதல் எண்ணை 1-க்கே மாற்றி, இரண்டாவதை 2 ஆக்கியபோது 4.58 சொச்சம் வந்தது. இரட்டிப்பும் இல்லை, நான்மடங்கும் இல்லை. 4 கொடுத்தேன், 12.96. 9 கொடுத்தேன், 43.74. பென்சிலால் வகுத்துப் பார்த்தால், 1.62-இன் எட்டு மடங்கு, இருபத்தேழு மடங்கு. 4-இன் வர்க்கமூலம் 2, அதன் கனம் 8. 9-இன் வர்க்கமூலம் 3, அதன் கனம் 27. ஒன்றரை அடுக்கு!

அப்புறம் என்ன, கலிங்குச் சூத்திரம். நீளத்தை, மேலே ஏறி வழியும் நீரின் உயரத்தின் ஒன்றரை அடுக்கால் பெருக்கி, அதை ஒரு குணகத்தால் பெருக்கினால், விநாடிக்கு இத்தனை கனமீட்டர் என்று வரும். இதைத் தெரிந்துகொண்டதும் முடிந்தது என்றுதான் எழுந்தேன். எழுந்தவன் மறுபடியும் உட்கார்ந்தேன். அகன்ற தலையுள்ள கலிங்குக்குப் பாடப்புத்தகம் சொல்லும் குணகம் 1.705. என் யந்திரம் ஏன் 1.62 என்கிறது?

சிறிது நேரம் கழித்துத்தான் வந்தது. பணியில் சேர்ந்து ஏழெட்டு வருஷமிருக்கும். இப்போது கேட்டு வந்திருக்கிறார்களே, அதே கிளைச் சானல், அதே மதகு. காகிதத்தில் போகிற தண்ணீர் வயலில் வரவில்லை என்று அவர்களுடைய தகப்பன்மார் அன்றும் வந்து நின்றார்கள். எங்கள் மேலதிகாரி, கணக்கில் மட்டும் ஈரமுள்ள மனுஷர், சூத்திரம் பொய் சொல்லாது என்றார். நான் மூன்று நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, நேரான பகுதியில் இருபது மீட்டரை அளந்து கயிறு கட்டி, காய்ந்த தேங்காய் நெற்றை மிதக்கவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து (அது மைத்துனர் கொடுத்ததல்ல) வேகம் எடுத்து, மேற்பரப்பு வேகத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்தையே சராசரி வேகமாகக் கொள்ளவேண்டும் என்ற வழக்கப்படி குறைத்து, குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கிப் பார்த்தேன். மதகை அடுத்த கலிங்கின் தலைக்கல் பாசி படிந்து, ஓரம் சிதைந்திருந்தது. வழிகிற தண்ணீர் புத்தகத்தில் உள்ளதைவிடக் குறைவு. அதற்கேற்ற குணகம் 1.62. அதிகாரி அதைக் கோப்பில் ஏற்றச் சம்மதிக்கவில்லை. நான் பி-2-வில் ஏற்றினேன். வேறெங்கும் அது எழுதப்படவில்லை. கரையான் தின்ற குறிப்பேட்டைத் தவிர.

புரட்டாசி 22, செவ்வாய்

எது வேண்டுமென்று எனக்கு இப்போது தெளிவாகிவிட்டது. நூறு நிரல் கொள்ளவேண்டியதில்லை. உள்ளே எழுதியிருப்பதை வரிவரியாகக் காட்டத் தெரிந்த யந்திரமாக இருந்தால் போதும்.

பொறியியல் படிக்கிற பேத்தி வந்திருந்தாள். “இதுக்குப் போயி புதுசு எதுக்கு பாட்டா? என் போன்லயே இருக்கே” என்று ஃப்ரீ42 என்ற ஒன்றை இறக்கிக் காட்டினாள். ஹியூலெட்-பக்கார்டு கம்பெனி 1988-இல் வெளியிட்ட 42எஸ் கருவியைப் பார்த்து ஒருவர் எழுதி, இலவசமாகவே கொடுத்திருக்கிறார். முதலில் எண்கள், பிறகு செய்கை என்பது அதன் இலக்கணம்; 2, 3, அப்புறம் கூட்டல். யான் உகாசியேவிச் என்ற போலந்து தர்க்கவாதி செய்கையை முன்னால் வைத்து எழுதிய முறையைத் தலைகீழாக்கியது என்பார்கள். இதைப் பழகுவது கஷ்டமென்று இங்கிலீஷ்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒரு கஷ்டமும் தெரியவில்லை. ‘இரண்டையும் மூன்றையும் கூட்டு’ என்று, வினையைக் கடைசியில் வைத்துத்தானே நாம் பிறந்தது முதல் பேசுகிறோம்? நிரலையும் அழகாக வரிவரியாகக் காட்டுகிறது. ஆனால், ஈரக்கையோடு சானல் கரையில் உச்சி வெயிலில் நின்று, தடவினால் விழுகிற கண்ணாடியில், யாரோ கூப்பிடும் நேரத்தில், கணக்குப் போடுவதை நினைத்துப் பார்த்தேன். விரலுக்கு விசை வேண்டும். அழுத்தினேன் என்று அது விரலுக்குச் சொல்லவேண்டும்.

அதே கம்பெனியின் 15சி, 1982-இல் வந்து 1989-இல் நின்றுபோனது, 2023-இல் சேகரிப்பாளர்களுக்கென்று மறுபடி வந்தது. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டேன். விலையைப் பார்த்து ஆசையை அடக்கினேன். காசியோவின் 5800பி, 28,500 பைட்டு இடமுள்ளது, நில அளவைக்காரர்கள் கொண்டாடியது. என் 15 படிக் கணக்குக்கு அது யானை வாங்கி வாழைக்காய் சுமக்கவிடுவதாகும். மைத்துனர் மகன் ஹாங்காங்கில் இருக்கிறான். 3650பி-II ஒன்று வாங்கி வரச் சொல்லி எழுதினேன். தகப்பன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்ததற்கு மகன் ஹாங்காங்கிலிருந்து மாற்றுக் கொண்டுவருவான். தீபாவளிக்கு வருகிறானாம்.

புரட்டாசி 25, வெள்ளி

ஆயுத பூஜை. பேத்தியின் புத்தகங்கள், என் அளவுநாடா, கால்குலேட்டர் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால். சந்தனப்பொட்டு 5-ஆம் விசைமேல் விழுந்துவிட்டது. அவித்த கடலை அருமையாக இருந்தது.

புரட்டாசி 26, சனி

விவசாயிகள் சாயங்காலம் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். பூஜை எடுத்ததும், தீபாவளி வரை பொறுக்க முடியாதென்று, தக்கலைச் சந்தைப் பக்கத்துக் கடிகாரக் கடையில் வாங்கி வைத்திருந்த பொத்தான் பேட்டரிகளை எடுத்து, பின்மூடியைத் திறந்து, பழையவற்றைக் கழற்றினேன். புதியவற்றைப் போட்டதும் எண்கள் மை தொட்டு எழுதியதுபோல் கறுத்து வந்தன. பி-1-இல் ஒன்றுமில்லை. பி-2-இல் ஒன்றுமில்லை.

புதுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், சூத்திரத்தையும், 1.62 எந்த மதகில் எப்படி எடுத்தது என்பதையும், தேங்காய் நெற்று உட்பட, எழுதியபிறகு, பேத்தியை உட்கார்த்தி நான் சொல்லச் சொல்ல அழுத்தச் சொன்னேன். ஒன்றரை அடுக்கு வரும் இடத்தில் 1.5 என்று அழுத்தினாள், 1.55 விழுந்தது. அழித்துவிட்டு, அடைப்புக்குள் 3-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னேன். இரண்டு படிகள் கூடின. இடம் தாராளமாக இருந்தது.

“கல்லுல இன்னும் அந்தப் பாசி இருக்குமா பாட்டா?” என்றாள்.

திங்கட்கிழமை போய்ப் பார்க்கவேண்டும். நெற்று ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.