கட்டி தெரியும், நோய் தெரியாது

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர் அவர். வயது 58. என் எதிரே உட்கார்ந்ததும் ஃபைலை மனைவி கையில் கொடுத்து, "நீயே சொல்லு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவருக்கு மார்புல புற்றுநோய் சார். ஆபரேஷன் ஆயிடுச்சு. இன்சூரன்ஸ்காரங்க பணம் தர மாட்டேங்கறாங்க."

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஒன்றரை வருடமாகக் கட்டி' என்றிருந்தது. பாலிசிக்கு வயது பதினான்கு மாதம். நோயை மறைத்து பாலிசி எடுத்தார் என்று மறுத்துவிட்டார்கள்.

அவரிடமே கேட்டேன். "ஆம்பளைக்கு மார்ல கட்டி வந்தா யாருகிட்ட சார் காட்டறது? கொழுப்புக் கட்டின்னு நெனச்சேன்." காம்பிலிருந்து ரத்தம் கசிந்து பனியனில் ஒட்டிய அன்றுதான் மனைவிக்கே தெரிந்ததாம். மேமோகிராம் எடுக்கப் போன இடத்தில் 'பெண்கள் மட்டும்' என்று பலகை. உள்ளே வரச் சொல்லி மனைவியைத்தான் அழைத்திருக்கிறார்கள். நிரப்பத் தந்த படிவத்தில் கடைசி மாதவிடாய்த் தேதிக்கு ஒரு கட்டம். இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எனக்கும் பேச்சு வரவில்லை.

வெட்கத்தில் கழிந்த மாதங்களைத்தான் எதிர்த்தரப்பு 'மறைப்பு' என்றது. நுகர்வோர் ஆணையத்தில் அவருடைய வக்கீலாக நான் பிடித்துக்கொண்டது ஒரே இழை. விண்ணப்பத்தில் கேட்டிருந்தது, ஏதேனும் நோய் கண்டறியப்பட்டதா, சிகிச்சை பெற்றீர்களா என்று. பயாப்சி நடந்ததோ பாலிசி எடுத்துப் பதின்மூன்று மாதம் கழித்து. அதற்கு முன் ஒரு மருந்துச் சீட்டுகூட அவர்களால் காட்ட முடியவில்லை. மறைத்தார் என்பவர்தானே அதை நிரூபிக்க வேண்டும்? அறுவை மருத்துவரின் பிரமாணப் பத்திரம் பெரிய பலம். ஆண்களுக்கும் மார்பகத் திசு உண்டு. மார்பகப் புற்று வரும் நூறு பேரில் சுமார் ஒருவர் ஆண். காம்புக்குப் பின்னால் வலியில்லாமல் வரும் கட்டியைப் புற்று என்று நோயாளி அறிய வழியில்லை என்று தெளிவாக எழுதியிருந்தார். சிகிச்சைத் தொகையை வட்டியோடு தர உத்தரவானது.

வழக்கு நடந்த நாளெல்லாம் அவரைத் தாங்கியவர், கீமோ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓர் அம்மா. "உங்களுக்கும் டமாக்சிபன் மாத்திரைதானா தம்பி? வேர்த்துக் கொட்டும், பயப்படாதீங்க" என்றாராம். நோயின் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னது முதலில் அந்த அம்மாவிடம்தான்.

மரபணுச் சோதனையில், பரம்பரையாக வரக்கூடிய பிஆர்சிஏ2 மாற்றம் தெரிந்தது. கூடப் பிறந்தவர்களும், மகன் மகள் இருவருமே சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

உத்தரவு நகல் வாங்க வரச் சொல்லி போன் செய்தேன். "நாளைக்கு வரேன் சார். அண்ணனை டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்திருக்கேன். வெளிய போயிடலாம்னு எந்திரிக்கிறாரு, கையைப் பிடிச்சு உட்கார வச்சிருக்கேன்" என்றார்.