மருந்துப் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள்

வன்னியில் இன்று எழுபது வயதைத் தாண்டியிருப்பவர்கள் மருந்தில்லாத காலத்தைக் கண்டவர்கள். 1990களின் பொருளாதாரத் தடையின்போது வவுனியாவுக்கு வடக்கே மருந்துகள் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியோடு, மட்டுப்படுத்தப்பட்ட அளவிலேயே போய்ச் சேர்ந்தன. 2009 இன் முதல் மாதங்களில் போதிய மயக்க மருந்தின்றியே சத்திரசிகிச்சை செய்யவேண்டிய நிலைகூட வந்தது. அப்படி வாழ்ந்த தலைமுறையினருக்கு, கையில் கிடைத்த ஒரு குளிசையை வேண்டாம் என்று ஒதுக்குவது எளிதான காரியமல்ல.

இன்றோ நிலைமை வேறு. விடுமுறையில் ஊருக்கு வரும் உறவினர்களின் பயணப் பெட்டியில் சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் பக்கத்தில் விற்றமின் போத்தல்களும் வந்திறங்குகின்றன. முதுமையை நலமாகக் கழிப்பது எப்படி என்ற கேள்விக்கு நம்மவர் பலரிடம் உள்ள விடை அந்தப் போத்தல்தான்.

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். வாழ்நாள் முழுவதும் கமம் செய்தவர். தாம் உட்கொள்ளும் மருந்துகளைக் காட்டும்படி கேட்டபோது ஒரு சொப்பிங் பையைக் கொண்டுவந்து மேசையிற் கொட்டினார்.

“உதெல்லாம் பிள்ளையள் அனுப்பினது தம்பி. வீணாக்கலாமோ?” என்றார்.

“கிளினிக்கில உதுகளைக் காட்டினனீங்களோ ஐயா?” என்று கேட்டேன்.

“அங்க தாற குளிசையைப் பற்றித்தானே அங்க கேப்பினம்” என்றார்.

அந்தப் பையில் இருந்தவை மூன்று வகையானவை. வன்னியில் மட்டுமல்ல, நம்மவர் வாழும் எந்த நாட்டிலும் ஒரு முதியவரின் பையை இதே மூன்றாகப் பிரித்துவிடலாம்.

முதலாவது, அரச வைத்தியசாலை கிளினிக்கில் சிறிய கடதாசி உறைகளிற் போட்டுக் கொடுத்தவை. இரத்த அழுத்தத்துக்கு லொசாட்டன், நீரிழிவுக்கு மெட்போமின், கொழுப்புக்கு அற்றோவஸ்ரற்றின். பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தள்ளிப்போடுவதில் இத்தகைய மருந்துகளுக்கு இருக்கும் ஆதாரம் எந்தச் சத்துக் குளிசைக்கும் இல்லை. ஆனால் இலவசமாகக் கிடைப்பதாலோ என்னவோ, இவற்றுக்குத்தான் வீட்டில் மரியாதை குறைவு. பெரியவரும் “பிரஷர் இப்ப இல்லை” என்று லொசாட்டனை இடையிடையே விட்டுவிடுகிறார். குளிசை எடுப்பதால்தான் பிரஷர் இல்லை என்பதை யாரும் அவருக்கு விளக்கவில்லை.

இரண்டாவது, நோவுக்குப் பார்மசியில் வாங்கியவை. டைக்குளோபெனக், இபுபுறோபன் போன்றவை. மூன்று வகையிலும் நான் அதிகம் அஞ்சுவது இவற்றுக்கே. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகள் காரணம் முழுமையாக நிறுவப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் பிரதேசங்கள். வயலில் வெயிற் குடித்து, போதிய தண்ணீர் குடிக்காமல், முழங்கால் நோவுக்கு நாள்தோறும் இந்தக் குளிசைகளை விழுங்கினால், ஏற்கனவே நலிந்த சிறுநீரகம் மேலும் கெடும். லொசாட்டன் போன்ற மருந்தோடு சேரும்போது ஆபத்து கூடும். பலருக்குப் பனடோலை அளவோடு எடுப்பதே இதைவிடப் பாதுகாப்பானது.

மூன்றாவது, கடல் கடந்து வந்த போத்தல்கள். இவை பற்றிய பெரிய ஆய்வுகள் தரும் செய்தி உற்சாகமானதல்ல. 29,000 க்கு மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் பின்லாந்தில் நடந்த ஆய்வில், பீற்றா கரோற்றின் எடுத்தோருக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடுதலாக வந்ததென 1994 இல் வெளியாயிற்று. அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்ட ஆய்வு, விற்றமின் டி குளிசை பொதுவான முதியவர்களின் எலும்பு முறிவைக் குறைக்கவில்லை என்று 2022 இல் காட்டியது. நோயற்ற முதியவர்கள் தற்காப்புக்காக நாள்தோறும் அஸ்பிரின் எடுப்பதால் இரத்தக்கசிவே கூடுகிறது என்பதை அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 பேரிடம் நடந்த ஆய்வு 2018 இல் உறுதிப்படுத்தியது. (மாரடைப்போ பக்கவாதமோ வந்து, வைத்தியர் அஸ்பிரின் கொடுத்திருந்தால் அது வேறு விடயம். தாமாக நிறுத்தவேண்டாம்.)

இதனால் எல்லாச் சத்துக் குளிசையும் வீண் என்று ஆகிவிடாது. மெட்போமினை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையக்கூடும். வெளியே நடமாட முடியாது வீட்டுக்குள் முடங்கியவருக்கு விற்றமின் டி தேவைப்படலாம். இரத்தப் பரிசோதனையிற் குறைபாடு தெரிந்தால், அந்தக் குளிசை மருந்தே. குறைபாடு இல்லாதவருக்கு முருங்கையிலையும் குரக்கனும் நெத்தலியும் போதும். சிறுநீரகம் பழுதானவருக்கோ கல்சியமும் விற்றமின் டியும் வைத்தியரைக் கேளாமற் கொடுக்கத் தகாதவை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மருந்தை அதன் வணிகப் பெயரால் அல்ல, உண்மைப் பெயரால் அறியவேண்டும் என்பதை இலங்கைக்குக் கற்பித்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது அவருடைய முயற்சியால்தான். அந்தப் பாடம் நமது முதியவர்களுக்கு இன்றும் தேவை. கிளினிக்கில் தந்த குளிசையும் தனியார் வைத்தியர் எழுதிய குளிசையும் இரு வேறு பெயர்களில் உள்ள ஒரே மருந்தாக இருக்கலாம். தெரியாமல் இரட்டை அளவு எடுப்பவர்கள் உண்டு. பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பிள்ளைகளாவது வாசித்துப் பார்க்கவேண்டும்.

2022 இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது, கிளினிக் மருந்துகளே தட்டுப்பட்டன. வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். வெளிநாட்டு உறவுகளின் பணம் உண்மையாகவே உயிர் காத்தது அப்போதுதான். லொசாட்டன் வாங்க அனுப்பிய சிறுதொகை, ஆறு போத்தல் மீனெண்ணெயை விடப் பெறுமதியானது.

ஆகவே றொறொன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருந்து இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போத்தல் வாங்குமுன், வீடியோ அழைப்பில் அந்தப் பையைக் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். காலாவதியானவற்றைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். மிகுதி முழுவதையும் அதே பையில் போட்டு, அடுத்த கிளினிக் நாளில் வைத்தியர் முன் வைக்கச் சொல்லுங்கள். எதையாவது அனுப்பியே ஆகவேண்டுமென்றால், பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றை அனுப்புங்கள். அயலில் நாலு வீட்டுக்கு அது பயன்படும்.