வேகம் கூட்டிய கம்ப்யூட்டரும் கத்திரி வெயிலும்

ஓவர்கிளாக்கிங் என்றால் நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கம்பெனி ஒரு சிப்புக்குக் குறித்துக் கொடுத்த வேகத்தைவிட அதிக வேகத்தில் அதை ஓட்டுவதுதான். 1998-ல் இன்டெல்லின் செலரான் 300ஏ வந்தபோது இது பெரிய மோகமாக இருந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100-க்கு மாற்றினால் 300-ல் ஓட வேண்டியது 450-ல் ஓடும். காசு மிச்சம்.

என் மகன் 2016-ல் ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரும் அப்படிப்பட்டதுதான். கோர் ஐ5 6600கே. 3.5 கிகாஹெர்ட்ஸ் சிப்பை 4.5-ல் வைத்திருந்தான். வெளிநாட்டுக்குப் போகும்போது இங்கே சிங்கப்பெருமாள் கோவில் வீட்டில் விட்டுப் போனான். நான் அதை வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வைத்துக்கொண்டேன்.

முதலில் எடுத்தது 1991-ல் நடந்த என் தங்கை கல்யாண கேசட். எங்கள் அப்பா நடமாடுகிற ஒரே படம் அதில்தான் இருக்கிறது. டேப்பில் பூஞ்சை. துடைத்து ஓட்டினாலும் ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் பூச்சு உதிர்கிறது. இன்னும் எத்தனை தடவை ஓடும் என்று சொல்ல முடியாது. இந்த நிலையில், முகூர்த்தம் வருவதற்குள் கம்ப்யூட்டர் நீலத் திரை காட்டி நின்றுவிட்டது. கேசட்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். கோளாறு தெரியும்வரை அதைத் தொடுவதில்லை என்று முடிவு.

எதிர்வீட்டுக்காரர் "கரண்ட் ஏத்த இறக்கம் சார்" என்றார். மீட்டர் வைத்துப் பார்த்தேன், 225 வோல்ட். போனில் மகன், "வோல்டேஜைக் கொஞ்சம் ஏத்துங்கப்பா, சரியாயிடும்" என்றான். முப்பத்தைந்து வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழுது பார்த்தவனுக்கு ஒரு பழக்கம்: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றணும். இரண்டை மாற்றினால், சரியானாலும் எதனால் என்று தெரியாது.

பயாஸில் எல்லாவற்றையும் கம்பெனி அளவுக்குக் கொண்டுவந்து, தூக்கிப் போடவேண்டிய ஒரு சீரியல் கேசட்டை மதியம் இரண்டு மணி நேரம் ஏற்றினேன். நிற்கவில்லை. ஆக உதிரிபாகம் கெடவில்லை. அடுத்து மெமரியை மட்டும் மகன் வைத்த வேகத்துக்கு ஏற்றி, பென்டிரைவில் மெம்டெஸ்ட் போட்டு ராத்திரி ஒருமுறை, பகலில் ஒருமுறை. ஒரு பிழையும் இல்லை.

மிச்சம் சிப்பின் வேகம். அதற்கு பிரைம்95. பெரிய பகா எண்களைத் தேட ஜார்ஜ் வோல்ட்மன் எழுதிய புரோகிராம். விடை முன்பே தெரிந்த கணக்குகளை சிப்பிடம் கொடுத்துப் போடச் சொல்லும். விடை மாறினால் சிப் தடுமாறுகிறது என்று அர்த்தம். காலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் சுத்தமாக ஓடியது. மதியம் மூன்றுக்கு இருபதாவது நிமிஷமே பிழை.

அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. மகன் இதைச் சரிபார்த்தது ஏ.சி. அறையில், 24 டிகிரியில். என் அறையில் ஃபேன் மட்டும்தான், அக்னி நட்சத்திரத்தில் 38. அறையில் ஏறிய பதினாலு டிகிரியும் ஏறக்குறைய அப்படியே சிப்பின் தலையில் ஏறும். அவன் வைத்த அளவு தப்பில்லை, அந்த அறைக்குச் சரி.

ஹீட்சிங்கைக் கழற்றி ஜி.எஸ்.டி. ரோட்டுத் தூசியை (ஒரு கைப்பிடி இருக்கும்!) எடுத்து, புது பேஸ்ட் தடவினேன். எட்டு டிகிரி இறங்கியது. பிழை போகவில்லை, ஒரு மணி நேரம் தள்ளி வந்தது.

வோல்டேஜை ஏற்றுவதில் சிக்கல் என்னவென்றால், சூடு வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். அதனால் எதிர்ப்பக்கம் போனேன். 4.5-ஐ 4.2 ஆக்கி, 1.35 வோல்ட்டை 1.25 ஆக்கினேன். கணக்குப்படி சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. வேகத்தில் போனது? ஒரு மணி நேர வேலைக்கு நாலு நிமிஷம் கூடுதல். ரிட்டயரானவனுக்கு அது ஒரு கணக்கா?

காலையிலிருந்து சாயங்காலம்வரை பிரைம்95 ஓடியும் பிழை இல்லை. மகனிடம் சொன்னேன். "4.2-ஆ? வேஸ்ட்பா" என்று சிரித்தான்.

மறுநாள் மதியமே கேசட்டை எடுத்தேன். காலையில் ஏற்றியிருக்கலாம்தான், ஆனால் மதியத்தை நம்பினால்தானே மெஷினை நம்பியதாகும். முழுசாக ஏறியது. பந்தியில் அப்பா இலை இலையாகக் குனிந்து "சாதம் போடட்டுமா" என்று கேட்டுக்கொண்டு போகிறார். அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தங்கைக்கு அனுப்பினேன். இன்னும் மூன்று கேசட் பாக்கி இருக்கிறது.