ப்ளஸ் மைனஸ் எவ்வளவு தம்பி?

பி.காம் படிக்கிறவனுக்கு லேத் பட்டறையில என்ன வேலைன்னு கேக்காதீங்க. போன லீவுல சித்தப்பா, "கணபதி பக்கம் நாலு பட்டறையில விலை கேட்டுட்டு வாடா"ன்னு அனுப்பிட்டார். பம்புக்கு 200 கன்மெட்டல் புஷ்.

நம்ம காஸ்ட் அக்கவுண்டிங் மூளை சும்மா இருக்குமா? மூணு கொட்டேஷன்ல குறைஞ்ச விலைக்கே ஆர்டர். நாலாவது பட்டறை அண்ணன் மட்டும் விலையே சொல்லாம ட்ராயிங்கைப் பார்த்து, "உள்விட்டம் 25 மி.மீ. சரி, ப்ளஸ் மைனஸ் எவ்வளவு தம்பி?"ன்னார். வேலை தெரியாத ஆளுன்னு நினைச்சேன் (என்னே என் அறிவு!).

வந்த புஷ்ல பாதி ஷாஃப்ட்டில் ஏறலை, மீதி ஆடுது. வித்தியாசம் ஒரு தலைமுடி தடிமன்கூட இருக்காது. டாலரன்ஸ் போடாதது நாங்க, அதனால முழுப் பணமும் கொடுத்தாச்சு. துளை சின்னதா இருந்தா மறுபடி கடைஞ்சுக்கலாம். பெருசானது பழைய உலோக விலைக்குத்தான்.

சித்தப்பா திட்டவே இல்லை. அதான் வலிச்சுது.

மறுநாள் நாலாவது அண்ணன்கிட்டயே போனேன். ட்ராயிங்கில் 25-க்குப் பக்கத்துல "ஹெச்7"னு எழுதினார். அப்படின்னா 25-க்குக் கீழே போகக்கூடாது, மேலே 0.021 மி.மீ. வரைதானாம்.

"இதுக்கு ரேட் கூடும் தம்பி, சித்தப்பாகிட்ட கேட்டுக்கிட்டீங்களா?"