இத்தனை பெரிய நகரில் ஒரு மாப்பிள்ளை

"இவ்வளவு பெரிய சென்னையில் நம் பெண்ணுக்கு ஒரு மாப்பிள்ளை கிடைக்கவில்லையா?" என்ற பெருமூச்சு எழாத இல்லம் நம்மிடையே அரிது. பெருமூச்சோடு நிறுத்திக்கொள்கிறோம், எண்ணிப் பார்ப்பதில்லை.

எண்ணுவதற்கு ஒரு வழி உண்டு. விண்ணில் நம்மோடு தொடர்புகொள்ளக்கூடிய நாகரிகங்கள் எத்தனை என்று மதிப்பிட, அமெரிக்க வானியலறிஞர் பிராங்க் டிரேக் 1961இல் ஒரு சூத்திரம் வகுத்தார். பெருந்தொகை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு பின்னத்தால் பெருக்கிச் செல்வதே அதன் முறை. பிரிட்டனில் பீட்டர் பேக்கஸ் என்ற பொருளியலாளர் அதே முறையில் தமக்கேற்ற துணைவியர் எத்தனை பேர் என்று 2010இல் கணக்கிட்டார். விடை 26!

என் சகோதரியின் மகளுக்கு வயது 28, பள்ளி ஆசிரியை. மூன்று ஆண்டுகளாக வரன் தேடுகிறோம். சென்ற மாதம் தாளும் பென்சிலுமாக அமர்ந்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அன்றைய சென்னை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 4,39,000 பேர். ஆண்கள் பாதி. இனி வருபவை யாவும் என் உத்தேசப் பின்னங்களே. உரிய வயதினர் எட்டில் ஒரு பங்கு. அவர்களில் மணமாகாதோர் நான்கில் ஒரு பங்கு. பட்டதாரிகள் மூன்றில் ஒரு பங்கு. வீட்டில் தமிழ் பேசுவோர் பாதி. இதுவரை சுமார் 1,150 பேர் மிஞ்சினர். பிறகு சகோதரியின் நிபந்தனைகள் வந்தன: சொந்த வீடு, மூன்றில் ஒன்று; மணமாகாத நாத்தனார் இருக்கலாகாது, பாதி; உயரமும் நிறமும், மூன்றில் ஒன்று. எஞ்சியோர் 64. அவர்களிலும் நம் உறவினர், நண்பர் வழியாக அறிய வாய்ப்புள்ளோர் இருபதில் ஒருவர் என்றால், மூன்றே பேர்!

(படித்தவரிடமே வீடும் இருக்கக்கூடும் என்பதால் உண்மைத் தொகை சற்றுக் கூடலாம்.)

தாளை வாங்கிப் பார்த்தாள் மருமகள். "மாமா, இவற்றில் நான் கேட்டது எது?" என்றாள். வீடு, நாத்தனார், உயரம், நிறம் அனைத்தையும் அடித்தாள். அறிய வாய்ப்புள்ளோர் மூன்றிலிருந்து 57 ஆயினர். பின்பு தன் நிபந்தனையை எழுதினாள்: கைக்கூலி கேளாதவர், தன் வேலையைத் தடுக்காதவர். "பத்தில் ஒருவர் இருப்பாரா?" என்று தானே பின்னமும் இட்டாள். அப்படியும் ஐந்தாறு பேர் மிஞ்சினர்! எங்கள் பட்டியலைவிட அவளது கடுமையான நிபந்தனையே கூடுதலாகத் தந்தது.

இருபதில் ஒன்று என்ற கடைசிப் பின்னத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் அதுவும் இரட்டிக்கும். அதற்காகவே இப்போது பிற மஹல்லாக்களின் ஜமாஅத்தாரையும் சந்தித்து வருகிறேன். சகோதரி நாத்தனாரை விட்டுக்கொடுத்துவிட்டார். சொந்த வீட்டை மட்டும் இன்னும் விடவில்லை.