சிறுகிய இரைப்பையும் பெருகிய பழக்கமும்

உண்டியே உயிர்க்கு உறுதுணை என்பதை அறியாதார் இலர். ஆயின், துணையாய் வந்த அவ்வுண்டியே பகையாய் மாறி உடலை வருத்துங் காலமும் உண்டு என்பதை, அக்காலம் தமக்கு வந்துற்ற பின்னரே பலரும் உணர்கின்றனர். பசியால் மெலிந்தாரைக் கண்டு இரங்கும் உலகம், பருமனால் வருந்துவாரைக் கண்டு நகைக்கின்றது. இரண்டும் உடற்குற்ற துன்பங்களே. ஒன்றற்கு இரக்கமும் மற்றொன்றற்கு ஏளனமும் கிடைப்பது என்ன நீதியோ! பருமன் நோய்க்குச் சத்திர சிகிச்சை செய்துகொண்டார் பின்னர் எவ்வாறு உண்கின்றனர், இழந்த எடை அவர்பால் மீண்டும் வருவது ஏன், வந்துழிச் செய்யத்தக்கது யாது என்பவற்றை, யாம் துய்த்தறிந்த அளவில், இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவ நண்பர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

இஃது எங்கோ சிலர்க்கு நேர்வதென்று ஒதுக்கற்பாலதன்று. 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆடவரில் 37 பேரும் அளவின் மிக்க எடையுடையர். முந்திய கணக்கெடுப்பில் இத்தொகைகள் முறையே 31, 28 என இருந்தன. சில ஆண்டுகளுக்குள் நேர்ந்த இவ்வேற்றத்தை நோக்குவார், இது தனி மனிதரின் சோம்பலால் மட்டும் விளைந்ததன்று என்பதை எளிதிற் காண்பர்.

எம் ஊர் கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தை அடுத்துள்ள ஒரு சிற்றூர். மலையிற் பிறந்து வரும் கோமுகி ஆறு அணையில் தேங்கி, வயல்களுக்குப் பாய்கின்றது. கீழே நெல்லும் கரும்பும். அரிசி ஆலைகளின் புகையும் சர்க்கரை ஆலையின் இனிய மணமும் எம் இளமையோடு கலந்தவை. மேலே, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு கூறாகக் கிடக்கும் மலையில் வாழும் மலையாளி மக்கள், சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து உண்டவர்கள். சந்தை நாளில் அவர்கள் சாமை கொண்டுவந்து அரிசி வாங்கிச் செல்வதைச் சிறுவராயிருந்த யாம் கண்டிருக்கின்றோம். எம் வீட்டிலோ மூன்று வேளையும் அரிசியே. விருந்தென்றால் சோறு குவிய வேண்டும். வெல்லம் பெய்த பாயசம் வழிய வேண்டும். கரும்பு விளையும் ஊரில் இனிப்பை மறுப்பவன் விருந்தையே மறுப்பவனாகக் கருதப்படுவான்.

2018-ஆம் ஆண்டில் எம் எடை 131 கிலோ. நீரிழிவு நோய் பதினோராண்டாக எம்மைப் பற்றியிருந்தது. இன்சுலின் நாடோறும் இருமுறை. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும். மாடிப்படி பத்து ஏறினால் நின்று இளைப்பாற வேண்டும். உணவைக் குறைத்தும் நடந்தும் மும்முறை எடை குறைத்தோம். மும்முறையும் குறைந்தது வட்டியோடு திரும்பிற்று. இறுதியில் சென்னை சென்று சத்திர சிகிச்சைக்கு உடன்பட்டோம். "அழகுக்காக வயிற்றை அறுத்துக்கொள்கிறான்" என்று ஊரார் சிலர் பேசினர். மத்திய அரசில் அமைச்சராயிருந்த அருண் ஜெட்லி 2014-இல் இத்தகைய சிகிச்சை பெற்றதும், நிதின் கட்கரி 2011-இல் பெற்றதும் அவர்கள் அறியார்.

இச்சிகிச்சையின் இயல்பைச் சிறிது கூறுவோம். அமெரிக்க நாட்டு ஐயோவாவில் எட்வர்டு மேசன் என்னும் மருத்துவர் 1966-இல் இரைப்பையைப் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் மாற்றுவழி முறையைத் தொடங்கினார். எமக்குச் செய்தது அதனினும் பிற்பட்டது. இரைப்பையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை நீக்கி, எஞ்சியதை வாழைக்காய் போன்ற ஒரு குழலாகத் தைத்துவிடுவர். இடம் குறைவதால் உணவு குறையும். அஃதன்றியும், பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு பெரும்பாலும் நீக்கப்பட்ட அப்பகுதியிலேயே ஊறுவது; 1999-இல் சப்பான் அறிஞர் கண்டறிந்த சுரப்பு அது. ஆகவே, சிகிச்சைக்குப் பின் பல திங்கள் பசியென்பதே தோன்றாது. கடிகாரம் பார்த்து உண்ண வேண்டிய விந்தையான நிலை!

முதல் வாரங்களில் தெளிந்த நீருணவு, பின்னர்ப் பாலும் பருப்புநீரும், அதன்பின் மசித்தவை, அடுத்து மென்மையானவை, ஏறக்குறைய இரண்டு திங்கள் கழித்தே வழக்கமான உணவு. பிறந்த குழந்தை பெரியவனாக வளரும் முறையை இரண்டு திங்களில் மீண்டும் நடத்துவது போன்றது அது. அரை இட்டிலி உண்ண இருபது நிமிடம் ஆயிற்று. உண்ணும்போது நீர் பருகலாகாது. உண்டபின் அரைமணி கழிய வேண்டும். விரைந்து விழுங்கிய ஒரு கவளம் நெஞ்சின் நடுவே கல்போல் நின்று கண்ணீர் வருவிக்கும். 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று எம் பாட்டி கூறிய பழமொழியின் பொருள் நாற்பத்து நான்காம் வயதில் விளங்கிற்று. முன் உண்டது அற்றதறிந்து உண்ணுமாறு திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வற்புறுத்தியதும் அப்பொழுதே நெஞ்சிற் பதிந்தது.

உண்ணும் வரிசையும் மாறிற்று. தட்டில் முதலில் முட்டையோ மீனோ பருப்போ சுண்டலோ, அடுத்துக் காய், இடமிருந்தால் மட்டும் சோறு. நாள் ஒன்றுக்குப் புரதம் 60 கிராமேனும் சேரவேண்டும் என்பது மருத்துவர் விதி. இரும்பு, சுண்ணாம்பு, உயிர்ச்சத்துக்கள் ஆகியன அடங்கிய மாத்திரைகள் வாழ்நாள் முழுதும் உண்டு. கருப்பஞ்சாறு போன்ற தித்திப்பு நீர் குடலுள் விரைந்து இறங்கினால், வியர்வையும் படபடப்பும் மயக்கமும் சிலர்க்குத் தோன்றும். மாற்றுவழிச் சிகிச்சை பெற்றார்க்கு இது மிகுதி.

மருத்துவர் இவற்றையெல்லாம் கற்பித்தார். ஆயின், உறவினர் வீட்டுப் பந்தியில் இருப்பது எவ்வாறு என்பதை எந்த மருத்துவமனையும் கற்பிப்பதில்லை. எம் அத்தையார் வீட்டுத் திருமணத்தில் நான்கு வாய் உண்டு இலையை மடித்தோம். அவர் முகம் வாடிற்று. "என்னப்பா தம்பி, அத்தை வீட்டுச் சோறு பிடிக்கலையா? நீ வருவேன்னுதானே பாயசம் காய்ச்சச் சொன்னேன்" என்றார். அன்பின் மொழி அது. அதற்கு இரைப்பையின் அளவைக் காட்டி விடையிறுத்தல் எங்ஙனம்? நம் நாட்டில் அன்பு உணவாகவே பரிமாறப்படுகின்றது. அதை ஏற்பதற்குரிய இடமோ கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு குழல். இவ்விரண்டிற்குமிடையே நாடோறும் வழக்கு நடக்கின்றது.

இவ்வழக்கில் நுண்ணியதொரு செய்தியுண்டு. இறைச்சியும் காயும் சுண்டலும் மென்று உண்ண வேண்டுவன. அவை குழலை விரைவில் நிரப்பி, நெடுநேரம் நிற்கும். பாயசம், கேசரி, வெண்பொங்கல், வாயிற் கரையும் முறுக்கு முதலியனவோ தடையின்றி நழுவிச் செல்லும். ஆகவே, உடலுக்கு வேண்டுவது வருத்தந்தந்து இறங்க, வேண்டாதது இன்பந்தந்து இறங்குகின்றது. சத்திர சிகிச்சை இரைப்பையை அறுத்ததேயன்றி, நாவையோ நினைவையோ சுற்றத்தாரையோ அறுக்கவில்லை என்பதை இதனால் அறியலாம்.

பதினெட்டுத் திங்களில் எம் எடை 91 கிலோவாகக் குறைந்தது. இன்சுலின் நின்றது. வெள்ளிமலைக்குச் சென்று, மலைப்பாதையில் ஒரு கல் தொலைவு நிற்காமல் நடந்தோம். பின்னர் 2020 மார்ச்சுத் திங்களில் கொரோனாவின் பொருட்டு நாடே அடைக்கப்பட்டது. நடை நின்றது; வீட்டில் அடுப்பு ஓயவில்லை; பசியும் மெல்ல மெல்ல மீண்டது. 2024-இல் எடை 101 கிலோ. இழந்த நாற்பதில் பத்து திரும்பிற்று. நீரிழிவுக்கு ஒரு மாத்திரையும் உடன் வந்தது. "பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினியே, என்ன மிச்சம்?" என்று கேட்டவர் பலர். முப்பது கிலோ மிச்சம் என்பதை எண்ணியவர் ஒருவருமிலர்.

இத்திரும்புதல் எமக்கு மட்டும் உரியதன்று. சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கப்பெற்ற ஒரு பேராய்வு, சிகிச்சை பெற்றோர் 2,010 பேரையும் பெறாதோர் 2,037 பேரையும் பல்லாண்டு தொடர்ந்து நோக்கிற்று. 2007-இல் வெளிவந்த அதன் முடிவின்படி, மாற்றுவழிச் சிகிச்சை பெற்றோர் முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் தம் எடையில் நூற்றுக்கு 32 பங்கு இழந்தனர். பத்தாண்டு கழிந்தபோது அவ்விழப்பு 25 பங்காக நின்றது. இரைப்பையிற் பட்டையிட்டுக்கொண்டார்க்கு 20 பங்கு 14 ஆயிற்று. எமக்குச் செய்த முறை அவ்வாய்விற் சேர்ந்ததன்று. ஆயினும் போக்கு ஒன்றே. சிறிது திரும்புதல் இயல்பு. பெரும்பகுதி நிலைத்தலும் இயல்பு. சிகிச்சை பெற்றோரிடையே இறப்புக் குறைந்தது என்பதும் அவ்வாய்வு கண்ட உண்மை. உடல், எடை குறைவதைப் பஞ்சம் வந்ததாகக் கருதிச் செலவைச் சுருக்கும் ஒரு பழைய கணக்கன். பசியை மிகுவித்து, இழந்ததை மீட்கவே முயலும். நிறைந்த களஞ்சியத்தின் நடுவில் அமர்ந்தும் அக்கணக்கன் தன் கணக்கை மாற்றுவதில்லை.

இனி, யாம் இக்கட்டுரை எழுதப் புகுந்ததன் காரணத்தைக் கூறுவோம். எம்மோடு ஒரே வாரத்தில் சிகிச்சை பெற்ற நண்பர் ஒருவர், மூன்றாம் ஆண்டில் எடை ஏறத் தொடங்கியவுடன் நாணங்கொண்டார். எடைக்கருவியின்மேல் நிற்க அஞ்சி மருத்துவரிடம் செல்வதையே நிறுத்தினார், மாத்திரைகளும் நின்றன. ஈராண்டு கழித்து அவர்தம் பாதங்கள் மரத்துப்போயின, நடை தள்ளாடிற்று, முகம் வெளிறிற்று. பி-12 என்னும் உயிர்ச்சத்தின் குறைவு அது. ஊசி மருந்தால் வெளிறல் தீர்ந்தது. பாதத்தின் மரப்போ இன்னும் முழுதும் தீரவில்லை. ஏறிய எடை அவர்க்குச் செய்த கேட்டினும், அதனால் எழுந்த நாணம் செய்த கேடே பெரிது. அந்நாணத்தை அவர் தாமே படைத்துக்கொண்டாரல்லர். திருமண வீட்டிலும் தேநீர்க் கடையிலும் நகைத்தவர்கள் அளித்தது அது.

எடை திரும்பியவர் செய்யத்தக்கன பல. மருத்துவரிடம் மீண்டும் செல்லுதல் முதலாவது. குழல் விரிந்துள்ளதா, வேறு நோயோ மருந்தோ காரணமா என அவர் ஆராய்வார். பசியைக் குறைக்கும் புதிய மருந்துகளும் இப்பொழுது உள. ஆண்டுதோறும் இரத்தச் சோதனை இரண்டாவது. 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. முன்னர்ப் போல எதற்கும் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. உண்பதை நாடோறும் ஏட்டிற் குறித்தல் மூன்றாவது. யாம் மீண்டும் மெல்லும் உணவுக்கு முதலிடம் அளித்து, நடையைத் தொடங்கி, ஓராண்டில் நான்கு கிலோ குறைந்துள்ளோம். பெரிய வெற்றியன்று, ஆயினும் வழி அறிந்த நடை.

சாமை உண்டால் போதுமா என்று நண்பர் கேட்கின்றனர். 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக உலகம் கொண்டாடிய பின்னர் இவ்வினா மிகுந்துள்ளது. சாமையில் நார்ப்பொருள் மிகுதி, நன்றே. ஆயினும் அதுவும் மாவுப்பொருளே. அளவின்றி உண்டால் அதுவும் எடையே. மலைமக்களின் முன்னோர் மெலிந்து வலியராயிருந்தது சாமையால் மட்டுமன்று. ஏர் உழுதும் விறகு சுமந்தும் ஏறியிறங்கிய உழைப்பினாலுங்கூட.

மாணவ நண்பர்களே! உங்கள் விடுதியிலும் வகுப்பிலும் பருத்த உடலுடைய தோழர் ஒருவர் இருத்தல் கூடும். அவரைப் பெயரிட்டு அழைத்து நகையாதீர்கள். சிகிச்சை பெற்றவர் உங்கள் இல்லத்தில் இருப்பின், இலையில் அவர் மிச்சம் வைப்பதை அவமதிப்பென்று கொள்ளாதீர்கள். பாயசத்துக்கு ஈடாக ஒரு நாழிகை அவரோடு நடந்து செல்லுங்கள், அதுவும் விருந்தே. எடை திரும்பியதென்று அவர் கூறின், "மருத்துவரைப் பார்க்க எப்பொழுது போகலாம்? யானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள். எம் அத்தையார் இப்பொழுது எமக்கென்று சிறு கிண்ணத்தில் சுண்டல் எடுத்து வைக்கின்றார். அத்தகைய அன்பு பெருகுவதாக!